அஞ்சடியில் ஒரு சதுரங்கப் பலகை

கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் சாலையில் முன்பெல்லாம் சாயங்காலமானால் கிட்டாரும் ஒலிபெருக்கியுமாக ஆளுக்கொரு பக்கம் கச்சேரி களைகட்டும். பேரங்காடிக்கு வந்தவர்களும், ஓட்டலுக்குத் திரும்பும் சுற்றுப்பயணிகளும், வேலை முடிந்து ரயிலுக்குப் போகிறவர்களும் இரண்டு பாட்டாவது நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். 2025 தொடக்கத்தில் கோலாலம்பூர் மாநகர் மன்றம், ஊர்வழக்கில் டிபிகேஎல், அந்தச் சாலையில் இனித் தெருநிகழ்ச்சிகள் வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. சத்தம் அளவு மீறிப் போகிறது, கூட்டம் கூடி நடைபாதை அடைபடுகிறது என்று வந்த புகார்களை மன்றம் காரணமாகச் சொன்னது. பாடுகிறவர்களுக்கோ அது பிழைப்பு.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்று குழுக்கள் மூன்று ஒலிபெருக்கிகளோடு ஒரே சந்திப்பில் போட்டி போட்டால், மேல்மாடியில் தூங்குகிறவருக்கு அது கலையாகத் தெரியாது. அதே சமயம், உலகத்துச் சுற்றுப்பயணிகளை எல்லாம் அழைக்கும் 'மலேசியாவுக்கு வருகை தாருங்கள் 2026' இயக்கத்துக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், ஊரின் மிகப் பரபரப்பான தெருவில் பாட்டு நின்றதையும் மறக்க முடியாது.

அந்த விவாதம் முழுக்க முழுக்க ஒலிபெருக்கியைச் சுற்றியே நடந்தது. ஒலியே எழுப்பாமல் தெருவில் உட்காருகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு கடையின் முன்னே, அஞ்சடி என்னும் கூரை போட்ட நடைபாதையில், இரண்டு பேர் முக்காலி போட்டுச் செஸ் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து பேர் சுற்றி நின்று, ஆடுகிறவர்களைவிட அதிகமாகத் தவிக்கிறார்கள். டிபிகேஎல் அமலாக்க அதிகாரி வந்து நிற்கிறார். அவர் எந்தச் சட்டத்தை எடுப்பார்?

கோலாலம்பூருக்கென்று 1992இல் வந்த கேளிக்கைச் சட்டம் ஒன்று உண்டு. இசை, பாட்டு, நடனம், நாடகம், வித்தை என்று மக்கள் முன் நடத்தப்படுகிறவற்றுக்கு உரிமம் வேண்டும் என்கிறது அது. செஸ் ஆடும் இருவரும் யாருக்காகவும் எதையும் நடத்திக் காட்டவில்லை. ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். சுற்றி நிற்பவர்கள் தாமாக வந்தவர்கள். ஆனால் அதே ஆள் பத்துப் பலகைகளை வரிசையாக வைத்து, பத்துப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடி, பக்கத்தில் ஒரு தொப்பியை மல்லாத்தி வைத்தால்? அது நிகழ்ச்சியாகிவிடுமா?

பணம் கை மாறினால் சூதாட்டம் என்ற பேச்சும் உடனே வரும். 1953ஆம் ஆண்டின் சூதாட்ட விடுதிகள் சட்டம் சூதாட்டத்துக்கு ஒரு வரையறை தருகிறது: அதிர்ஷ்டத்தால் நடக்கும் ஆட்டம், அல்லது அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டம், அதைப் பணத்துக்கோ பணமதிப்புள்ள பொருளுக்கோ ஆடுவது. பகடை உருட்டாத, சீட்டுக் குலுக்காத சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் ஏது? அதனால் ஐந்து ரிங்கிட் வைத்து ஆடினாலும் அந்த வரையறைக்குள் செஸ் வராது என்று வாதாட இடமிருக்கிறது. வாதாடலாம், சரி. ஆனால் வாதாடுவதற்கு வழக்கறிஞர் வேண்டும், பலகையைத் திரும்பப் பெற ஒரு வாரம் அலைய வேண்டும். அஞ்சடியில் ஆடுகிறவரிடம் அவ்வளவு வசதி இருக்காது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். பிச்சை எடுத்துத் தொல்லை தருகிறவரை மட்டும் அது குறிக்கவில்லை. பொது இடத்தில் வேலையின்றிக் காணப்பட்டு, பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இருப்பதாகத் தெரியாத, அல்லது தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாத ஆளையும் அது சேர்த்துக்கொள்கிறது, அவர் பிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். கசங்கின சட்டையோடு பகல் முழுக்கப் பலகை முன்னே உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரை அந்த வாசகத்தோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஓய்வு பெற்றவர் என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்பது நாம் வைக்கும் நம்பிக்கை. சட்டத்தின் வாசகம் அவ்வளவு கனிவாக எழுதப்படவில்லை.

கடைசியில் அதிகாரியின் கைக்கு எளிதாக வருவது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம்தான். அதன் 46ஆவது பிரிவு பொது இடத்தில் இடைஞ்சல் செய்வதைப் பற்றியது. நாற்காலி, மேசை, பூந்தொட்டி, துணி தொங்கும் கம்பி, மோட்டார் சைக்கிள் என எது அஞ்சடியை மறித்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும். முக்காலியும் பலகையும் அப்படியே. ஆக, நம் ஆட்டக்காரர் இருவரும் கலைஞர்களாகவும் இல்லை, சூதாடிகளாகவும் இல்லை, வியாபாரிகளாகவும் இல்லை. நகரத்தின் ஏட்டில் அவர்களுக்கு இருக்கும் ஒரே பெயர் இடைஞ்சல்.

இது நியாயமா என்று கேட்பதற்கு முன்னால் அஞ்சடியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடின. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு திரும்பக் கட்டும்படி ஆங்கிலேய ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் முனைந்தார். அந்தச் செங்கற்கள் சுடப்பட்ட சூளைகள் இருந்த களிமண் நிலம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். புதிய கடைவீடுகள் எல்லாம் முன்பக்கம் கூரை போட்ட நடைபாதையோடு எழுந்தன. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்காக வந்த அந்த இடம், சீக்கிரமே முடி வெட்டுகிறவர், செருப்புத் தைப்பவர், பூக்கட்டுகிறவர், கடிகாரம் பழுது பார்ப்பவர் என்று எத்தனையோ பேருக்கு வாழ்விடமானது. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கூண்டோடு உட்கார்ந்திருக்கும் கிளி ஜோசியரைப் படம் எடுக்காமல் எந்தச் சுற்றுப்பயணியும் போனதில்லை. அவரும் அந்தப் பரம்பரைதான்.

ஆட்டமும் அங்கே எப்போதுமே இருந்திருக்கிறது. பெட்டாலிங் ஸ்திரீட் பக்கமும் பழைய காப்பிக் கடைகளிலும் சீனப் பெரியவர்கள் வட்டக் காய்களைப் பலகையில் ஓங்கி அடித்துச் சீனச் சதுரங்கம் ஆடுவார்கள். மலாய்க்காரர்கள் சோடா மூடிகளைக் காய்களாக வைத்து டாம் ஆடுவார்கள். ஒருவருக்கு மூடி நிமிர்ந்திருக்கும், மற்றவருக்குக் கவிழ்ந்திருக்கும். டாக்சி நிறுத்தத்திலோ வக்காஃப் எனும் கூரைமேடையிலோ கோடு கிழித்த ஒரு பலகைத் துண்டு கிடந்தால் அங்கே டாம் நடக்கிறது என்று அர்த்தம். மலாய் மக்களின் பழைய சதுரங்கத்தைக் காலனிய அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1913இல் வெளிவந்த எச்.ஜே.ஆர். முர்ரேயின் சதுரங்க வரலாற்று நூலிலும் இந்த வட்டாரத்து ஆட்டத்துக்கு இடம் உண்டு.

அப்புறம் சதுரங்கம் மாடி ஏறியது. 1990இல் உலகப் பட்டத்துக்குக் காஸ்பரோவை எதிர்க்கப் போவது யார் என்று தீர்மானித்த போட்டி கோலாலம்பூரில் நடந்தது. அனத்தோலி கார்ப்போவ், டச்சுக்காரரான யான் டிம்மனை ஆறரைக்கு இரண்டரை என்று வென்றார். மலேசியச் சதுரங்கத்தைத் தன் தோளில் சுமந்தவர் டான்ஸ்ரீ டான் சின் நாம். ஐஜிபி நிறுவனத்தையும் மிட் வேலியையும் கட்டியவர், மெல்பர்ன் கோப்பையைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வென்ற 'திங்க் பிக்' குதிரையின் உரிமையாளர்களில் ஒருவர். 1970களில் சீனாவைச் சதுரங்க வல்லரசாக்கத் திட்டம் போட்டுக் கொடுத்து, பொருளுதவியும் செய்தார். 1991இல் சியே ஜுன் உலக மகளிர் பட்டம் வென்றபோது அந்தக் கனவு பலித்தது. 2018இல் டான் சின் நாம் மறைந்தார். மிட் வேலியின் சிட்டிடெல் ஓட்டலில் ஆண்டுக்கொரு முறை சதுரங்க விழா என்பதும் அவர் போட்ட பாதையில் வந்ததுதான்.

நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த ரயில் நிலையத்தில், குளிர்சாதன அரங்கில், நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் ஆட்டமாகச் சதுரங்கம் நம் ஊரில் வளர்ந்தது. பிள்ளைகளுக்கு வகுப்பு, பெற்றோருக்குக் காத்திருப்பு அறை, சுவரில் கோப்பைகள். 2024 டிசம்பர் 12ஆம் தேதி, பக்கத்துச் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரனைத் தோற்கடித்துப் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனை தமிழ் வீடுகளில் பிள்ளைக்குப் பலகை வாங்கிக் கொடுத்திருப்பார்கள்! அந்தப் பிள்ளை வாசலுக்கு வந்து, காசு கட்டாமல், முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு உட்கார்ந்து ஆட ஓர் இடம் வேண்டாமா? வகுப்பில் கற்பது ஒன்று. தெரியாதவர் எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ராணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கற்பது வேறு.

செஸ் ஆடுவது வெட்டிப் பொழுது என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரை நினைத்துக்கொள்ளலாம். அங்கே குடிகொண்டிருக்கும் சிவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து அவளைக் கைப்பிடித்தார் என்பது தலபுராணம்.

இனி, பிரிக்பீல்ட்ஸுக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். இந்தக் கதையில் மிக முக்கியமானவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அங்குள்ள கர்னி பயிற்சி மையத்துக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பார்வையற்றவர்கள் தொழில் கற்க வந்தார்கள். வந்தவர்களில் பலர் அந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டார்கள். அதனால்தான் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் அவ்வளவு. அதனால்தான் வெள்ளைக் கோலோடு தனியாகச் சாலை கடக்கிறவர்களை மலேசியாவிலேயே அதிகமாக அங்கே பார்க்கலாம். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு பள்ளமாகப் பதித்த தடக்கற்கள் அவர்களுக்காக இருப்பவை. காலும் கோலும் அந்தக் கற்களைத் தொட்டுத்தான் திசை அறியும்.

தெருவில் பாடிப் பிழைப்பவர்களிலும் பார்வையற்றவர்கள் கணிசமாக உண்டு. கேலிஃப் பஸ்கர்ஸ் என்ற பார்வையற்ற இளைஞர்களின் குழு தெருவில் பாடத் தொடங்கி, நாட்டின் பெரிய பாடல் போட்டியான அனுகெரா ஜுவாரா லாகு மேடை வரைக்கும் போனது. தெருவில் பாடக் கூடாது என்று ஒரு நகரம் சொல்லும்போது, அந்தத் தடை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அலுவலகத்தில் வேலை கிடைக்காத, கிடைத்தாலும் நிலைக்காத ஒருவருக்குத் தெருதான் அரங்கம்.

அதே பார்வையற்றவர்தான், தெருக்கூட்டத்தால் முதலில் பாதிக்கப்படுகிறவரும். பாட்டுக் கேட்க ஐம்பது பேர் மஞ்சள் தடத்தின் மேல் நின்றுவிட்டால் கண் தெரிந்தவர் சுற்றிப் போவார். கோல் பிடித்தவர் என்ன செய்வார்? தீபாவளி நேரத்தில் துன் சம்பந்தன் சாலை ஓரம் கடைகள் முளைக்கும்போதும், அஞ்சடியில் மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்தும்போதும், அவர் இடுப்பளவு இரும்பில் மோதிக்கொள்கிறார். ஆகவே விதியே வேண்டாம், தெரு எல்லாருக்கும் பொது, யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று கொடி பிடிப்பதை இந்தப் பதிவு ஏற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நடைபாதைக்கு விதி வேண்டும், கண்டிப்பாக வேண்டும். அந்த விதி எதைப் பார்த்துப் போடப்படுகிறது என்பதுதான் கேள்வி.

சதுரங்கத்துக்கும் இவர்களுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிவதில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்புத்தகத்திலேயே பார்வையற்றோர் ஆடுவதற்கான தனிப் பின்னிணைப்பு இருக்கிறது. அவர்களுடைய பலகை குறைந்தது இருபது சென்டிமீட்டர் சதுரம். கறுப்புக் கட்டங்கள் வெள்ளையைவிடச் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை, ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை. விரலால் தடவும்போது காய் சாயாமல் நிற்க அந்த ஏற்பாடு. கறுப்புக் காய்களில் தனி அடையாளம் இருக்கும், தடவினால் நிறம் தெரிந்துவிடும். சாதாரண ஆட்டத்தில் காயைத் தொட்டால் அதைத்தான் ஆடியாக வேண்டும். இங்கே தொடுவதுதான் பார்ப்பது. அதனால் துளையிலிருந்து காயை எடுத்தால் மட்டுமே 'தொட்டதாக' கணக்கு.

எதிரில் கண் தெரிந்தவர் இருந்தால் அவருக்கு வழக்கமான பலகை, இவருக்கு இவருடைய பலகை, ஆக இரண்டு பலகைகளில் ஒரே ஆட்டம் நடக்கும். நகர்த்தியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிராளி அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையில் வைக்க வேண்டும். குழப்பம் வராமல் இருக்க எட்டு நெடுவரிசைகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: அன்னா, பெல்லா, சேசர், டேவிட், ஏவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். எண்களுக்கு ஜெர்மன். ராஜாவின் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளுகிறவர் 'ஏவா ஃபியர்' என்பார். எதிரே இருப்பவர் 'ஏவா ஃபியர்' என்று சொல்லித் தன் பலகையில் விரலை ஓட்டுவார். ஆசியான் பாரா விளையாட்டுகளில் பார்வையற்றோருக்கான சதுரங்கம் உண்டு. 2017இல் கோலாலம்பூரில் நடந்தபோதும் இருந்தது. பிரிக்பீல்ட்ஸின் ஒரு மரத்தடியில் இப்படி ஓர் ஆட்டம் தினமும் நடந்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நின்று பார்க்காமல் போவார்களா? பார்வையற்றவர் என்றால் டிஷ்யூ பொட்டலம் விற்கிறவர் என்று மட்டும் பழகிப்போன கண்களுக்கு, தங்களை இருபது நகர்த்தலில் சுருட்டிப் போடுகிற ஒருவரைப் பார்ப்பது நல்லது.

மற்ற ஊர்கள் இதில் எப்படி நடந்துகொண்டன? சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் முப்பது ஆண்டுகளாக நடைபாதைச் சதுரங்கம் நடந்துவந்தது. 2013இல் போலீஸ் மேசை நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போனது. ஆட்டத்தைச் சுற்றிச் சூதாட்டமும் போதைப்பொருளும் நடப்பதாகப் புகார். புகார் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் போதை விற்றவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான், ஆட்டம்தான் இல்லாமல் போனது. நியூயார்க்கில் 2010இல் நடந்தது இன்னும் விசித்திரம். இன்வுட் ஹில் பூங்காவில் நகராட்சியே போட்ட கல் மேசையில் செஸ் ஆடிய ஏழு பேருக்குப் போலீஸ் சம்மன் கொடுத்தது. அந்த மேசைகள் குழந்தைகள் விளையாடும் பகுதிக்குள் இருந்தன. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வராத பெரியவர்கள் அங்கே நுழையக் கூடாது என்று விதி. குழந்தைகளைக் காப்பாற்றும் விதியில் தவறு எதுவும் இல்லை. சதுரங்க மேசையை அந்த வேலிக்குள் போட்டதுதான் தவறு.

கொல்கத்தாவைப் பாருங்கள். கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில், இரண்டு பக்கமும் பேருந்து இரைய, வரிசையாகச் சதுரங்கம் நடக்கிறது. அலுவலகம் முடிந்து வருகிறவர், பள்ளி மாணவர், ஓய்வு பெற்றவர், பக்கத்து நடைபாதைக் கடைக்காரர் எல்லாரும் ஒரே வரிசையில். மேம்பாலத்துக்குக் கீழே வீணாகும் நிழலுக்கு இதைவிட நல்ல பயன் சொல்ல முடியாது. கேரளத்தில் திருச்சூர் பக்கம் மரோட்டிச்சால் என்ற கிராமத்தில், குடியில் மூழ்கிய ஊரை ஒரு டீக்கடைச் சதுரங்கம் மீட்டெடுத்த கதை உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. டீக்கடையில் முடிந்தது நம் ஊர் மாமாக் கடையில் முடியாதா? அங்கே ஒரு தே தாரேக் வாங்கிவிட்டு மூன்று மணி நேரம் உட்காருவதற்கு யாருக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்படுவதில்லை. முதலாளி முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

சிங்கப்பூர் சைனாடவுனில், புத்தர் பல் கோயிலுக்குப் பக்கத்துச் சதுக்கத்தில், பெரியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுவதற்கு மேசைகள் நிரந்தரமாக இருக்கின்றன. தெருக்கலைஞருக்குத் தேசியக் கலை மன்றம் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. அங்கே பாடுகிறவர் ஓர் அதிகாரியிடமும், ஆடுகிறவர் வேறோர் ஏற்பாட்டிலும் வருகிறார்கள். ஒன்றை மற்றதோடு போட்டுக் குழப்பவில்லை. சிங்கப்பூரின் எல்லாக் கட்டுப்பாடுகளையும் இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இந்த ஒரு தெளிவை மட்டும் கடன் வாங்கலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் வளர்ந்திருக்கிறது. மோனோரெயிலில் இறங்கி கேஎல் சென்ட்ரல் போகிறவர் நு சென்ட்ரல் பேரங்காடிக்குள் புகுந்துதான் போகிறார். ஆயிரக்கணக்கானோர் நடக்கும் பாதை, ஆனால் தனியார் கட்டடம். அங்கே பாடவும் ஆடவும் உட்காரவும் அனுமதிப்பது பேரங்காடி நிர்வாகம், காவலுக்கு நிற்பவர் அவர்களுடைய ஆள். நாடாளுமன்றச் சட்டத்தையாவது எடுத்துப் படித்துக் கேள்வி கேட்கலாம், பேரங்காடியின் வீட்டு விதியை யார் கண்டார்கள்? பொது இடம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும்போது, மிச்சமிருக்கும் உண்மையான நடைபாதைகள் மேல் எல்லாருடைய பாரமும் வந்து விழுகிறது.

கேஎல் சென்ட்ரலிலிருந்து ரயிலில் கிள்ளானுக்குப் போனால் சட்டமே மாறிவிடுகிறது. கோலாலம்பூருக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் சிலாங்கூருக்கு 1995இல் வந்த தனிக் கேளிக்கைச் சட்டம். 2024 பிப்ரவரி 5ஆம் தேதி கிள்ளான் அரச மாநகரானது. பெயரும் முத்திரையும் மாறிய அந்த மன்றம் தெங்கு கிளானா சாலைக்கு என்ன செய்யப் போகிறது என்று பார்க்க வேண்டும். புடவைக் கடை, பூமாலைக் கடை, நகைக் கடை, பலகாரக் கடை என்று நெருக்கியடிக்கும் அந்த லிட்டல் இந்தியாவில் தீபாவளிக் காலத்தில் கால் வைக்க இடமிருக்காது. உறுமி மேளம் முழங்கினால் கடைக்குள் பேரம் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த நாட்களில் அங்கே பலகையை விரிக்கச் சொல்வது பைத்தியக்காரத்தனம். வருஷத்தின் மற்ற நாட்களில், ஆற்றோரமும் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய கடைவரிசைகளும் சாயங்காலத்துக்கு மேல் வெறிச்சோடிக் கிடக்கின்றன. கடைக்காரர்களே ஆள் நடமாட்டம் இல்லை என்று அங்கலாய்க்கிறார்கள். நான்கு மேசைகளும் ஒரு விளக்கும் போட்டால் நாற்பது பேர் வருவார்கள். வந்தவர்கள் டீ குடிப்பார்கள்.

விதி எப்படி இருக்கலாம் என்று கேட்டால், இந்தப் பதிவின் பதில் இதுதான்: என்ன செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன இடைஞ்சல் என்பதை அளக்கட்டும். நடைபாதையில் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மஞ்சள் தடத்துக்கு இரு பக்கமும் ஒரு கோல் வீச்சுக்குள் எதுவும் வரக் கூடாது. ஒலிபெருக்கி இருந்தால் அனுமதியும் அளவும் நேரமும் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாதவருக்கு, தொப்பி வைத்தாலும் சரி வைக்காவிட்டாலும் சரி, அகலமும் தடமும் காப்பாற்றப்பட்டால் அனுமதிச் சீட்டே வேண்டாம். புல்லாங்குழல் வாசிப்பவர், படம் வரைகிறவர், பத்துப் பலகை செஸ்காரர் எல்லாரும் இதில் அடங்குவார்கள். அதிகாரிக்கும் வேலை எளிது, கையில் ஓர் அளவு நாடா இருந்தால் போதும். கலையா, ஆட்டமா, சூதா, பிச்சையா என்று தெருவில் நின்று தீர்ப்புச் சொல்லும் பாரம் அவருக்கு இருக்காது.

இதை யாரிடம் கேட்பது? மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. கோலாலம்பூரின் மேயரான டத்தோ பண்டாரை மத்திய அரசு நியமிக்கிறது, கிள்ளானின் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வராதவர்களிடம் பேச மனுவும் கூட்டமும்தான் வழி. கிள்ளானில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொறுப்பான உறுப்பினர் ஒருவர் உண்டு, அவரைத் தேடிப் பிடிக்கலாம். கோலாலம்பூரில் அந்தப் படியும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம்தான். ஆலய நிர்வாகங்களும் கடைக்காரர் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. சதுரங்கத்துக்காக இவ்வளவு பேரா என்று தயங்க வேண்டாம். உட்காரக் கேட்பது சதுரங்கத்தின் பெயரால் என்றாலும், கிடைக்கும் மேசையில் டாம் ஆடுகிறவரும், பேப்பர் படிக்கிறவரும், பேரனுக்காகக் காத்திருக்கும் பாட்டியும் உட்காருவார்கள்.

மனு பிரிக்பீல்ட்ஸிலிருந்து போவதாக இருந்தால், முதல் கையெழுத்து பார்வையற்றோர் சங்கத்தினுடையதாக இருக்கட்டும். எந்த இடத்தில் மேசை வரலாம், எங்கே கூடாது என்று அவர்களே கோலோடு நடந்து பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் சரி என்ற இடத்தில் சிமெண்டு மேசைகள் ஐந்து, மேலே கூரை, ராத்திரி பத்து மணி வரை விளக்கு. ஐந்தில் ஒன்றின் பலகையில் கட்டத்துக்கு ஒரு துளையும், கறுப்புக் கட்டங்களுக்கு விரலுக்குத் தெரியும் மேடும் வைத்து வார்க்கச் சொல்ல வேண்டும். வார்க்கும்போதே சொல்லிவிட்டால் கூடுதல் செலவு சொற்பம்தான்.